அடியெடுத்துக் கொடுப்போம்

ஏட்டுச் சுவடியைக் கையிலெடுத்துப் படித்தவர்க்கு ஓர் அநுபவம் உண்டு. வரி நேராக ஓடிக்கொண்டிருக்கும். பொருளும் இனிது விளங்கிக்கொண்டிருக்கும். திடீரென ஓரிடத்தில் ஓலையில் ஒரு துளை. பூச்சி அரித்த இடம். துளை கடுகளவினதுதான். ஆனால், அது எழுத்தொன்றைக் கொண்டுபோயிருக்கும். எழுத்தோடு சொல் போயிருக்கும். சொல்லோடு அடியின் பொருளே போயிருக்கும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிலே புறநானூற்றை முதன்முதலாக அச்சேற்றியபோது இத்தகைய சிதைவுகளோடு பட்ட பாட்டைத் தமிழுலகம் அறியும். அந்நூலின் 267ஆம், 268ஆம் பாடல்கள் இரண்டும் கிடைத்தில. வேறு பல பாடல்களிலே சீர்களும் அடிகளும் சிதைந்துள்ளன. அவ்விடங்களில் இன்றும் நாம் காண்பவை வெறும் புள்ளிகளே. 'இங்கே ஒன்று இருந்தது; அதனை நாம் இழந்தோம்' என்பதே அப்புள்ளிகளின் பொருள்.

மேனாட்டு ஏட்டாராய்ச்சியாளர் இத்தகைய இடைவெளியை 'லக்கூனா' என்பர். இலத்தீன் மொழியிலே அச்சொல்லுக்குக் குழி, சிறு குட்டை என்பன பொருள். அதே சொல்லை வைத்தியர்களும் எடுத்தாண்டனர். மனித மூளையின் ஆழத்திலே விழும் சிறு பொள்ளல்களுக்கு 1838ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து வைத்தியராகிய டெஷாம்பர் என்பவர் அப்பெயரை வழங்கினார். ஏட்டுக்கும் மூளைக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். எனினும், அது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதை நான் நூல்களிலிருந்து அறிந்துகொண்டேனல்லேன். என் ஆசிரியரிடமிருந்து அறிந்துகொண்டேன். அவர் அதனைக் கற்பிக்க நினைத்துக் கற்பித்தாருமல்லர்.

என் ஆசிரியர்

கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளிலே நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவர் அவர். பெயர் வேண்டா. உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலே 5027 விருத்தங்கள் உள்ளன என்பர். அவற்றுள் எப்படலத்தைக் கேட்டாலும் நூலைத் திறவாமலே பாடிப் பொருள் சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது, இத்தீவிலே மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. அவருடைய வீட்டிலே உயிர்கள் தப்பின. இரண்டு அலுமாரி நிறைந்த நூல்கள் போயின. சில வாரங்களின் பின் அவரைக் கூடாரத்திலே சென்று கண்டேன். "கடல் தாளைத்தான் கொண்டுபோனது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, சுற்றியிருந்த சிறுவர்களுக்குப் பாடல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

தாளுக்கு வந்த கேட்டைச் சிரித்துக் கடந்த அம்மனிதருக்கு, ஆண்டுகள் சில கழிந்தபின் வேறொரு கேடு வந்தது. அது கடல்போல் இரைந்து வரவில்லை, ஓசையின்றி வந்தது.

முதலிலே நடை மாறிற்று. நீட்டி நடப்பவர் சிற்றடி வைத்து நடக்கலானார். பாதம் நிலத்தில் ஒட்டிக்கொண்டாற் போல, வாசற்படியிலே நின்று தயங்குவார். திரும்புவதற்குப் பல அடிகள் வைப்பார். பின்னர்ப் பேச்சுக் குறைந்தது. ஒன்று கேட்டால் விடை வரும். ஆனால் நெடுநேரம் கழித்து வரும். வெள்ளாண்மைக் கணக்கைத் தாமே எழுதி வந்தவர் அதனைக் கைவிட்டார். எதிலும் நாட்டம் இல்லை. சிறு செய்தி கேட்டாலும் கண் கலங்கி அழுவார். மறுகணம் அழுததற்கு வெட்குவார். மலசலகூடத்துக்கு விரைந்தோடும் அவசரமும் வந்து சேர்ந்தது.

"வாப்பாவுக்கு வயது போய்விட்டது, சேர். அறளை பெயர்ந்துவிட்டது. சொல்லி வேலையில்லை" என்றார் அவருடைய மூத்த மகன். அன்பில்லாமற் சொன்ன சொல் அன்று. ஊரிலே எல்லாரும் எல்லா முதியவரையும் குறித்துச் சொல்லும் சொல்லைத்தான் அவரும் சொன்னார். நானும் தலையசைத்தேன்.

தலையசைத்ததோடு நின்றேனல்லேன். ஓர் இலக்கியக் கூட்டத்திலே அவர் ஒரு பாடலைத் தொடங்கி, இரண்டாம் அடியின் நடுவிலே நின்றுவிட்டார். அவை காத்திருந்தது. பத்து வினாடி சென்றிருக்கும். எனக்கு அது பத்து நிமிடம்போல் தோன்றிற்று. அவருடைய மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நான் எழுந்தேன். எஞ்சிய அடிகளை நானே பாடி முடித்தேன். அவையோர் கைதட்டினர். அவர் என்னை ஒருமுறை பார்த்தார்; உட்கார்ந்தார். அதன்பின் எந்த மேடைக்கும் அவர் வரவில்லை.

அவருக்கு நேர்ந்தது இன்னதென்பது, அவர் முற்றத்திலே விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட பின்னரே எமக்குத் தெரிந்தது. அங்கே என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் வைத்தியராக இருந்தார். மூளையை எடுத்த காந்த அதிர்வுப் படத்தை வெளிச்சத்திலே வைத்துக் காட்டினார். ஆழத்திலே அங்கங்கே சிறு கரும்புள்ளிகள். அவற்றைச் சூழ, பஞ்சு படர்ந்தாற் போல வெண்மை. "இவருக்கு ஒருநாளும் பாரிசவாதம் வந்ததில்லையே!" என்றேன். "வந்திருக்கிறது, சேர், பல தடவை வந்திருக்கிறது. கையையும் காலையும் தொடாதபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார் அவர்.

கடைமடை வயல்கள்

எம் நாட்டு வெள்ளாண்மையை அறிந்தவர்க்கு இந்நோயின் இயல்பை விளக்குதல் எளிது. 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக, இங்கினியாகலையிலே தேங்கும் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் பெருவாய்க்கால்களில் ஓடி, கிளைவாய்க்கால்களிற் பிரிந்து, இறுதியிலே வரம்பை வெட்டி விடப்படும் சிறு மடைகளால் வயலை அடைகிறது. பெருவாய்க்கால் உடைந்தால் ஊரே திரண்டு ஓடும். கடைமடையிலே ஒரு சிறு மடை அடைபட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு துண்டு வயல்மட்டும் கருகும். கருகிய பின்னர்த்தான் வட்டவிதானையாருக்குச் செய்தி போகும்.

மூளையும் அவ்வாறே. அதன் நிறை எம் உடல் நிறையிலே நூற்றுக்கு இரண்டு பங்களவே. ஆயினும், உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அதுவே உண்கிறது. அவ்வுணவைக் கொண்டுசெல்லும் பெருநாடிகள் மூளையின் அடியிலும் மேற்பரப்பிலும் ஓடுகின்றன. அவற்றினின்றும் நூலினும் மெல்லிய நுண்ணாடிகள் கிளைத்து ஆழத்தினுட் புகுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் அகலம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அவை கடைமடைகள், ஒன்று அடைபட்டால் அவ்விடத்துக்கு வேறு வழியால் நீர் வருதல் அரிது. அவ்விடத்துத் திசு மாய்ந்து, 3 முதல் 15 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள பொள்ளலாகிறது. இதுவே முற்கூறிய லக்கூனா. முற்றும் அடைபடாமற் குழாய்ச்சுவர் தடித்துக் கசிந்து பலகாலம் நலிந்தால், நரம்பிழைகள் செறிந்த வெண்சடப்பொருள் பரந்து மெலிகிறது. அதுவே படத்திலே வெண்பஞ்சாகத் தோன்றுவது. நலிந்த சுவர் வெடித்தால் குருதி கசியும். கசிவு பெரிதாயின் உயிருக்கே இடர். அடைப்பும் மெலிவும் கசிவும் ஆகிய இம்மூன்றையும் சேர்த்தே மூளையின் நுண்குழாய் நோய் என்கின்றனர்.

நுண்ணாடிகளை முதலில் தாக்குவது மிகுந்த குருதியமுக்கம். பிற இடங்களிலே பெருநாடி படிப்படியாகக் கிளைத்துச் சிறுப்பதால் அமுக்கமும் படிப்படியாகத் தணிகிறது. இங்கோ, பெருவாய்க்காலின் கரையிலேயே மடையை வெட்டி வயலுக்குள் விட்டாற் போல, நுண்ணாடி பெருநாடியிலிருந்து நேரே பிரிகிறது. தணியாத வேகத்தை அதன் சுவர் ஆண்டுக்கணக்காகத் தாங்குகிறது. தாங்கித் தாங்கித் தடிக்கிறது. தடித்து வழியை அடைக்கிறது.

கண்டவர் வரலாறு

சாமிநாதையர் புறநானூற்றை வெளியிட்ட அதே 1894ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் ஜேனா நகரத்துப் பேராசிரியர் ஒட்டோ பின்ஸ்வாங்கர், மூளையின் வெண்சடப்பொருள் நலிவதால் அறிவு மங்கிய நோயாளர் சிலரைப் பற்றி எழுதினார். 1901இலே பியர் மரீ என்பவர், பரீஸ் மாநகரை அடுத்த பிசேத்ர் வைத்தியசாலையில் வாழ்ந்த முதியோரை ஆராய்ந்து, அவர்தம் மூளைப் பொள்ளல்களையும் சிற்றடி நடையையும் விவரித்தார். கனடாவிற் பிறந்து அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே பணியாற்றிய மில்லர் பிஷர் என்பவர், இறந்தோரின் மூளைகளை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு பொள்ளலுக்கும் சென்ற நாடியை உருப்பெருக்கியின்கீழ்த் தொடர்ந்து சென்று, அது எங்கே எவ்வாறு அடைபட்டது என்று காட்டினார். 1965இலே வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்புநோக்கிப் பாடம் கண்ட பதிப்பாசிரியர்களின் பொறுமைக்கு அப்பணி குறைந்ததன்று.

1970களிலும் 1980களிலும் உயிரோடிருப்பவரின் மூளையையே படமெடுத்துப் பார்க்கும் கருவிகள் வந்தன. அப்பொழுதுதான் ஒரு வியப்பு வெளிப்பட்டது. எந்த வருத்தமும் இல்லையென்று சொன்ன முதியோர் பலரின் படங்களிலும் பொள்ளல்களும் வெண்படர்வும் காணப்பட்டன. வெளிப்படையாகத் தாக்கும் பாரிசவாதத்தைக் காட்டிலும் ஓசையின்றி நிகழும் சிறு அடைப்புகளே பன்மடங்கு மிகுதி என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முடிபு.

பரம்பரையாக வரும் ஒரு வகையும் உண்டு. பிரான்சு தேசத்துக் குடும்பங்களை ஆராய்ந்தோர் 1993இலே அதன் இருப்பிடத்தை 19ஆம் நிறமூர்த்தத்திலே கண்டு, 1996இலே அதற்குரிய பரம்பரையலகையும் கண்டுபிடித்தனர். அஃது அரிய நோய். இளவயதிலே ஒற்றைத் தலைவலியாகத் தொடங்கி, நடுவயதிலே பாரிசவாதமாக முதிர்வது. முதுமையிலே அமிலோயிட்டு என்னும் புரதம் மூளையின் மேற்புறத்து நுண்குழாய்களிற் படிந்து குருதி கசியச் செய்யும் வகையும் ஒன்றுண்டு. எம்மூர் முதியோரிடம் பெரிதும் காண்பது இவையல்ல. குருதியமுக்கமும் நீரிழிவும் புகையிலையும் மூப்போடு சேர்ந்து விளைக்கும் பொதுவகையே.

'அறளை' என்ற சொல்

அறளை பெயர்தல் என்பது ஈழத்தமிழரின் நாவிலே பழகிய தொடர். அதற்குள்ளே எள்ளலும் உண்டு, இரக்கமும் உண்டு. ஆயினும், அச்சொல் ஒரு தீங்கு செய்கிறது. பெயரிட்டவுடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். முதுமை நோயன்று, ஆனால் முதுமையின் பெயரால் நோய் மறைந்து நிற்கலாம்.

நடை சிறுத்தல், அடிக்கடி விழுதல், சிந்தனை மந்தமாதல், ஒரு காரியத்தைத் திட்டமிட்டு நிரலே செய்ய இயலாமை, நாட்டமின்மை, காரணமின்றி அழுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய இவையெல்லாம் ஒருங்கே தோன்றுமாயின் நுண்குழாய் நோயை நினைத்தல் வேண்டும். இவற்றுள் நாட்டமின்மையே குடும்பத்தாரை மிகவும் வருத்துவது. 'சோம்பல்', 'பிடிவாதம்', 'எங்களோடு கோபம்' என்று அதனைப் பிழையாக விளங்கிக்கொள்வர். சோம்பலன்று, முனைப்பைத் தூண்டும் நரம்பிழைகள் நடுவழியிலே அறுந்தமையின் விளைவு.

ஒன்று மட்டும் தாமதமின்றிச் செய்யத்தக்கது. முகம் திடீரெனக் கோணுதல், ஒருபக்கக் கையோ காலோ தளர்தல், நாக்குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், எண்ணெய் தடவிப் பார்ப்போம் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துள் ஏற்றுதல் வேண்டும்; அதற்கு முன்பு படமெடுத்துக் குருதிக் கசிவில்லை என்று உறுதிசெய்யவும் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும்.

ஓசையில்லாத பகைவன்

அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்டைக் காட்டிலும் வல்லமை மிக்கவர் அவர் காலத்திலே சிலரே. 1944ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே அவரைப் பரிசோதித்த வைத்தியர் கண்ட குருதியமுக்கம் 186க்கு 108. 1945 சித்திரை 12ஆம் நாள் மூளையிலே குருதி பெருகி அவர் இறந்தபோது அது 300ஐத் தொட்டது. உலகப் போரை நடத்திய அவருக்குக் கொடுக்க, அன்று வைத்தியர் கையிலே தக்க மருந்து இல்லை. அமுக்கத்தைத் தணிக்கும் நல்ல மாத்திரைகள் 1950களின் பிற்பகுதியிலேதான் வரத் தொடங்கின.

அவருக்குக் கிட்டாத மருந்து இன்று கல்முனையிலே ஏழைக்கும் கிட்டுகிறது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரிலே உள்ளன. அரசாங்க வைத்தியசாலையிலே மாத்திரைக்கு விலையில்லை. குறை மருந்திலன்று; எம்மிடத்திலேயே. குருதியமுக்கம் நோவதில்லை. தலை சுற்றினால் 'பிறஷர்' என்கிறோம். சுற்றாவிட்டால் இல்லையென்று முடிவுசெய்கிறோம். என் ஆசிரியருக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தனர். மூன்று மாதம் குடித்தார். 'உடம்பு சுகம்' என்று விட்டுவிட்டார். அவருடைய கிளினிக் கொப்பியிலே நான்காம் பக்கத்துக்கு அப்பால் எழுத்தில்லை.

எம் நாட்டிலேயே செய்த ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளிலே 700 நோயாளரைக் கொண்டு நடத்தி, 2018இலே வெளியிட்ட ஆய்வு அது. மூன்று மருந்துகளைச் சிற்றளவிலே ஒரே மாத்திரையாக்கி ஒரு சாராருக்குக் கொடுத்தனர். மறு சாராருக்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாதத்தின் முடிவிலே, மாத்திரை உண்டோருள் நூற்றுக்கு 70 பேரின் அமுக்கம் இலக்கினுள் வந்தது. மற்றவருள் 55 பேருக்கே வந்தது. 2020இலே வெளிவந்த மற்றோர் ஆய்வு வங்காளதேசம், பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமச் சமூகங்களிலே 2645 பேரிடம் நடந்தது. சுகாதாரப் பணியாளர் வீடுதேடிச் சென்று அமுக்கத்தை அளந்து, நல்லுரை கூறி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். ஈராண்டின் பின் அவ்வூர்களிலே அமுக்கத்தின் மேலெண் ஏனைய ஊர்களைவிட ஏறத்தாழ 5 அலகு மிகுதியாகத் தணிந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கதவைத் தட்டுவார் ஒருவர் வேண்டும் என்பதே அவ்வாய்வு சொல்லும் செய்தி.

அமுக்கத்தைத் தணித்தால் மூளை காக்கப்படுமா? 9361 பேரைக் கொண்டு அமெரிக்காவிலே நடந்த ஆய்வொன்று 2019இலே இதற்கு விடை தந்தது. மேலெண்ணை 120க்குக் கீழ்ப் பேணியோரிடத்து, 140க்குக் கீழ்ப் பேணியோரைக் காட்டிலும், அறிவு மங்கலின் முதற்படி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. அவர்களுட் சிலரைப் படமெடுத்துப் பார்த்தபோது வெண்படர்வின் வளர்ச்சியும் குறைவாகவே இருந்தது. ஆயினும், ஒருவருக்கு எவ்வளவு தணிக்கலாம் என்பதை அவருடைய வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். தள்ளாதவருக்கு மிகத் தணித்தால் தலைசுற்றி விழுவார்.

இழந்த திசுவை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. அடுத்த துளை விழாமற் காப்பதே இன்றைய வைத்தியம். குருதியை மெலிதாக்கும் மாத்திரைகளைப் பக்கத்து வீட்டார் சொற்கேட்டு இரண்டு மூன்றாகச் சேர்த்து உண்பதும் தவறு. நுண்குழாய் அடைப்புற்ற 3020 பேரிடம் செய்து 2012இலே வெளியிட்ட ஆய்விலே, அஸ்பிரினோடு அத்தகைய இன்னொரு மருந்தையும் நெடுங்காலம் சேர்த்துக் கொடுத்ததால் அடைப்புக் குறையவில்லை. குருதிக் கசிவும் இறப்பும் மிகுந்தன.

எம் அடுக்களைக்கும் இதிலே பங்குண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஒரு தேக்கரண்டியளவு. கடற்கரை மக்களாகிய நாம் கருவாட்டையும் அச்சாற்றையும் சோற்றிலிடும் உப்பையும் எண்ணிப் பார்த்தால், அவ்வளவு காலையுணவிலேயே சிலவேளை முடிந்துவிடும். சீனி வருத்தம் உடையோர் ஆண்டுக்கொருமுறை கண்ணின் உட்புறத்தைக் காட்டிப் பரிசோதித்தல் நலம். மூளையின் நுண்குழாய்க்குக் கண்ணின் நுண்குழாய் உடன்பிறப்பு. திறந்து பார்க்கக்கூடிய பலகணி அது ஒன்றே.

காத்திருத்தல்

வைத்தியப் பிள்ளை அன்று சொன்ன ஒரு சொல்லை இறுதியாகச் சொல்லவேண்டும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மறதி எல்லாம் ஒரே வகையன்று. அல்சைமர் என்னும் நோயிலே புதிய செய்தி பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படுவதேயில்லை. குறிப்புக் கொடுத்தாலும் அது வெளிவராது. நுண்குழாய் நோயிலோ, பெரும்பாலும் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அதனைத் தேடியெடுக்கும் வழிதான் சிதைந்திருக்கிறது. இருநோயும் ஒருவரிடத்தே கலந்திருத்தலும் உண்டு. ஆயினும், "தானாக வராதது, ஒரு சிறு குறிப்புக் கொடுத்தால் வருகிறதா என்று பாருங்கள், சேர். கொடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்" என்றார் அவர்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். "நேற்று உங்களைப் பார்க்க யார் வந்தது?" என்று கேட்டேன். தெரியாதென்று தலையசைத்தார். "மருதமுனையிலிருந்து, கையிலே சாரமொன்று கொண்டுவந்தார்" என்றேன். பேசாதிருந்தேன். சுவரிலே கடிகார முள் ஏறக்குறைய அரைச் சுற்று ஓடிற்று. "நெசவுக்கார மச்சான்" என்றார். அவர் சொன்னது சரியே.

அதன்பின் சீறாவிலே அவர் அன்று மேடையில் நிறுத்திய அதே பாடலின் முதற்சீரை மட்டும் சொன்னேன். தமிழிலே இதற்கு அழகிய பெயருண்டு: அடியெடுத்துக் கொடுத்தல். புலவர்க்கு இறைவனே அடியெடுத்துக் கொடுத்தான் என்று எத்தனை வரலாறுகளைப் படித்திருக்கிறோம்! அடியெடுத்துக் கொடுப்பவன் பாட்டைத் தானே பாடி முடிப்பதில்லை. அதனை நான் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன், மேடையிலே மறந்தேன். இம்முறை வாய்மூடி இருந்தேன். மெல்ல, மிக மெல்ல, முதலடி வந்தது. நெடுநேரத்தின் பின் இரண்டாமடி. அதன் நடுவிலே முன்பு நின்ற அதே இடத்தில் மீண்டும் நின்றார். எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன். பின்னர் மற்ற இரண்டு அடிகளும் ஒரு சொல்லும் பிறழாமல் வந்தன.

பக்கத்திலே இருந்த பேத்தி, "மூத்தப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா!" என்றாள். இப்பொழுது அவள் நாள்தோறும் பாடசாலை விட்டு வந்ததும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் அருகே உட்காருகிறாள். சில நாள் ஒரு பாடல் வரும். சில நாள் அரைப்பாடல். வராத இடத்திலே அவள் புள்ளியிட்டு வைக்கிறாள். அவ்வாறு செய்யும்படி அவளுக்கு நான் சொல்லவில்லை, அவர் சொன்னாராம். அவருடைய கிளினிக் கொப்பியிலும் இப்பொழுது மாதந்தோறும் எழுத்து விழுகிறது. நடை திரும்பவில்லை. திரும்பும் என்று வைத்தியரும் சொல்லவில்லை. மேற்கொண்டு கெடும் வேகம் தணியலாம் என்பதே அவர் தந்த நம்பிக்கை.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். அவருடைய கைக்கு அமுக்கமானியின் பட்டியைக் கட்டி எத்தனை நாளாயிற்று என்று இன்று கேளுங்கள். உங்களுக்கு நாற்பது வயது கடந்திருந்தால் உங்கள் கையையும் நீட்டுங்கள், நானும் நீட்டினேன். எனக்கும் ஒரு கொப்பி கிடைத்தது. அவர் பேச்சின் நடுவிலே நின்றுவிட்டால், இரக்கப்பட்டு அவருடைய சொல்லை நீங்கள் சொல்லி முடித்துவிடாதீர்கள். முதற்சீரைக் கொடுங்கள், பின்னர்ப் பொறுத்திருங்கள்.